பட்டமும் திறனும்: 1947, 1952 இந்திய அழகிப் பட்டங்கள் குறித்த ஒரு சொல்வரலாற்று நோக்கு

1. முன்னுரை

ஒருவர்க்கு வழங்கப்பெறும் பட்டம் அவரைப் பற்றிய ஒரு செய்தியைச் சொல்கிறது. வேறு சில செய்திகளைச் சொல்லாமல் விடுகிறது. எதைச் சொல்வது, எதை விடுவது என்பதைப் பட்டம் வழங்குவோர் மட்டும் தீர்மானிப்பதில்லை. பட்டத்தைத் தாங்கும் சொல்லும் தீர்மானிக்கிறது. ஆதலின் பட்டப்பெயர்களின் வரலாறு சமூக வரலாற்றுக்கு மட்டுமன்றிச் சொற்பொருளியலுக்கும் மொழிபெயர்ப்பியலுக்கும் உரிய ஆய்வுப்பொருளாகிறது.

1947ஆம் ஆண்டில் நிகழ்ந்த மூன்று நிகழ்ச்சிகளை ஒருங்கு வைத்து நோக்கலாம். அவ்வாண்டில் சென்னை மாகாணம் தேவதாசியர் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டிலேயே திரைப்பட நடிகை பிரமீளா 'மிஸ் இந்தியா' என்னும் பட்டத்தைப் பெற்றார். புனே நகரில் ரோகிணி பாட்டே 'நிருத்யபாரதி' என்னும் கதக் நடனப் பள்ளியை நிறுவியதும் அவ்வாண்டிலேயே. இம்மூன்றிற்கும் இடையே நேரடியான காரண காரியத் தொடர்பு இல்லை. ஆயினும், கலையோடு அரங்கில் தோன்றும் பெண்ணை எப்பெயரிட்டு அழைப்பது என்னும் வினா மூன்றிலும் உள்ளது. சட்டம் ஒரு பழம்பெயரை நீக்கியது. போட்டி ஒரு புதுப்பெயரைச் சூட்டியது. புனேயில் எழுந்த பள்ளி கலையின் பெயரால் ஓர் அடையாளத்தைத் தேடியது.

இக்கட்டுரை 1947, 1952 ஆகிய ஆண்டுகளின் இந்திய அழகிப் பட்டங்களை எடுத்துக்கொண்டு, பட்டம் பெற்றோரின் கலைத்திறன் அப்பட்டத்தின் சொல்லமைப்பில் இடம்பெறாது போனமையை ஆராய முற்படுகிறது. தமிழிலும் மராத்தியிலும் அப்பட்டங்களை வழங்குவதில் எழும் சிக்கல்களும் சுட்டப்பெறும்.

2. பட்டம் பெற்ற இருவர்

2.1 பிரமீளாவின் இயற்பெயர் எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம். கல்கத்தாவில் குடியேறிய பாக்தாத் யூதக் குடும்பமொன்றில் 1916இல் பிறந்தவர். இளமையில் பார்சி நாடகக் குழு ஒன்றில் சேர்ந்தார். அக்காலத்தில் திரைப்படக் காட்சியின் நடுவே படச்சுருள் மாற்றுவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அவ்விடைவேளையில் அவையோர் சலிப்புறாவண்ணம் மேடையேறி ஆடுவது அவர்தம் பணியாக இருந்தது. பின்னர்ப் பம்பாய்த் திரையுலகில் நடிகையானார். அதன்பின் தம் நிறுவனத்தின் வழிப் படங்களைத் தயாரித்தார். 1947இல் பட்டம் பெற்றபொழுது அவர் முப்பது வயதினர், மணமானவர், தாய். 1967இல் அவர் மகள் நக்கி ஜஹானும் மிஸ் இந்தியா பட்டம் பெற்றார்.

2.2 1952இல் பட்டம் பெற்றவர் இந்திராணி ரஹ்மான். இவர் 1930இல் சென்னையில் பிறந்தவர். தந்தை இந்தியர், தாய் ராகினி தேவி, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எஸ்தர் லூயெல்லா ஷெர்மன் என்னும் பெயரோடு பிறந்து, இந்திய நடனத்தின்பால் ஈடுபாடு கொண்டு பெயரையும் மாற்றிக்கொண்டவர். ராகினி தேவி சென்னையில் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் ஆடல் பயின்றார். 1928இல் இந்திய நடனம் பற்றி 'நிருத்தாஞ்சலி' என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். மகள் இந்திராணி பந்தநல்லூர் மரபினரான சொக்கலிங்கம் பிள்ளையிடம் பரதநாட்டியம் கற்றார். 1945இல் கட்டடக்கலை வல்லுநர் ஹபீப் ரஹ்மானை மணந்தார். 1952இல் அமெரிக்காவின் லாங் பீச் நகரில் முதன்முதலாக நடைபெற்ற 'மிஸ் யுனிவர்ஸ்' போட்டியில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். அப்பொழுது அவர் மணமாகி ஏழாண்டு கடந்தவர். ஒரு மகளின் தாய். முப்பது பேர் பங்குகொண்ட அப்போட்டியில் பின்லாந்தின் ஆர்மி கூசெலா வென்றார்.

இந்திராணி பின்னர்க் குச்சிப்புடியும் ஒடிசியும் பயின்றார். ஒடிசியை ஒரிசாவுக்கு வெளியேயுள்ள அவைகளில் ஆடிக்காட்டிய முன்னோடிகளுள் ஒருவராக அவர் மதிக்கப்பெறுகிறார். 1969இல் பத்மஸ்ரீ விருதும், 1981இல் சங்கீத நாடக அகாதெமி விருதும் பெற்றார், நியூயார்க்கின் ஜூலியர்ட் கலைக்கல்லூரியில் கற்பித்தார், 1999இல் மறைந்தார்.

2.3 ஈண்டு ஒரு பெயரொற்றுமை கருதத்தக்கது. முதற் பட்டம் பெற்றவரும், 1952இல் பட்டம் பெற்றவரின் தாயும் எஸ்தர் என்னும் பெயரினர். இருவரும் அப்பெயரைத் துறந்து இந்தியப் பெயர் ஏற்றனர். விவிலியத்தில் வரும் எஸ்தர் நாடெங்கணுமிருந்து கொணரப்பெற்ற கன்னியருள் அழகால் தேர்ந்தெடுக்கப்பட்டு அரசியானவள். அவளுக்கும் அத்சாள் என்னும் வேறொரு பெயர் இருந்தது. இவ்வொற்றுமை தற்செயலானதே. எனினும் அழகின் பொருட்டு அவையேறும் பெண் இரு பெயர் தாங்கும் நிலை பழமையானது என்பதை அது நினைவூட்டுகிறது.

3. 'மிஸ்' என்னும் முன்னொட்டு

3.1 மேற்கூறிய இருவரும் மணமானவர்கள். இருவர் பட்டமும் 'மிஸ்' என்றே தொடங்குகிறது. ஆங்கிலத்தில் 'மிஸ்', 'மிஸஸ்' ஆகிய இரண்டும் 'மிஸ்ட்ரஸ்' என்னும் ஒரே சொல்லின் குறுக்கங்கள். 'மிஸ்ட்ரஸ்' என்பது 'மாஸ்டர்' என்பதன் பெண்பால் வடிவாக, தலைவி, ஆசிரியை, ஒரு துறையில் தேர்ச்சி பெற்றவள் என்னும் பொருள்களைத் தந்தது. மணம் ஆனவள், ஆகாதவள் என்னும் பிரிவு அதன் அடிப்படைப் பொருளில் இல்லை. பிற்காலத்தில் குறுக்கங்கள் இரண்டும் மணநிலையைக் காட்டும் அடையாளங்களாகப் பிரிந்தன. தேர்ச்சியைக் குறித்த சொல் மணநிலையைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கிய இம்மாற்றம் பொருட்குறுக்கத்திற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

1947, 1952 ஆகிய ஆண்டுகளில் இந்தியாவில் பட்டத்திலிருந்த 'மிஸ்' சொற்பொருளின்படி ஆளப்படவில்லை என்பது தெளிவு. அது பட்டத்தின் ஓர் உறுப்பாகவே நின்றது. பின்னர் நிலை மாறியது. 1957இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பட்டம் பெற்ற லியோனா கேஜ் மணமானவர், தாய் என்பது வெளிப்பட்டபொழுது அவரிடமிருந்து பட்டம் பறிக்கப்பெற்றது. சொல்லின் அகராதிப் பொருள் அங்கே விதியின் வலிமையோடு செயற்பட்டது. நெடுங்காலத்திற்குப் பின் 2023ஆம் ஆண்டுப் போட்டி முதல் மணமானோரும் தாயரும் மிஸ் யுனிவர்ஸ் போட்டியில் கலந்துகொள்ள இசைவு தரப்பெற்றது. ஆயினும் முன்னொட்டு மாறவில்லை. 1952இல் இந்திராணி தாங்கிய பட்டத்தில் இருந்த முரண், இன்று விதியின் ஒப்புதலோடு நிலைபெற்றுள்ளது.

3.2 மராத்தியில் பெண்பெயர்க்கு முன் இடும் மதிப்புரைச் சொற்கள் மணநிலையை நுட்பமாகப் பகுப்பவை. மணமாகாதவர்க்குக் 'குமாரீ', கணவன் உயிரோடிருப்பவர்க்குச் 'சௌபாக்யவதீ' (சுருக்கமாகச் 'சௌ.'), கணவனை இழந்தவர்க்கு 'ஸ்ரீமதீ' அல்லது 'கங்காபாகீரதீ' என்பது மரபுவழி வழக்கு. இந்தியில் 'ஸ்ரீமதீ' மணமான பெண்ணைக் குறிக்கும். சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதித் தமிழிதழ்களிலும் 'ஸ்ரீமதி' அப்பொருளிலேயே பயின்றது. ஆகவே தமிழிலோ இந்தியிலோ மதிப்போடு எழுதிய 'ஸ்ரீமதி'யை மராத்தியில் அவ்வாறே பெயர்த்தால், மரபு வழக்கறிந்த வாசகர் அவரைக் கைம்பெண்ணாகக் கருத இடமுண்டு. மரபைப் பின்பற்றும் மராத்தி எழுத்தாளர் 1952இல் இந்திராணியைக் குறிக்க நேர்ந்தால், பெயர்க்கு முன் 'சௌ.' என்றும் பட்டத்தில் 'மிஸ்' என்றும் எழுதவேண்டும். ஒரே தொடரில் இருவேறு மணநிலைகள் வந்து நிற்கும்.

3.3 தமிழில் 'செல்வி', 'திருமதி' என்னும் இணை இருபதாம் நூற்றாண்டில் நிலைபெற்றது. சங்கப் பாடல்களில் 'செல்வி' என்பது தெய்வத்தைக் குறிக்க வந்த சொல். மணநிலைக் குறிப்பு அதற்கு இல்லை. புத்தாக்கம் கருதி அதனை 'மிஸ்' என்பதற்கு ஈடாக்கியபொழுது, ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ந்த பொருட்குறுக்கம் இச்சொல்லுக்கும் நேர்ந்தது.

ஆயினும் பட்டத்தை மொழிபெயர்ப்பதில் தமிழ் வேறு வழியை மேற்கொண்டது. 'மிஸ் வேர்ல்டு' என்பது 'உலகச் செல்வி' ஆகவில்லை. 'உலக அழகி' ஆயிற்று. 'அழகி' என்பது 'அழகு' என்னும் பண்புப் பெயரோடு 'இ' என்னும் பெண்பால் விகுதி சேர்ந்த வடிவம். அதில் வயதும் இல்லை, மணநிலையும் இல்லை. எனவே 1957இன் சிக்கலோ 2023இன் விதிமாற்றமோ தமிழ் வடிவத்தைத் தாக்கவில்லை. இது தமிழாக்கத்தின் பெற்றி. ஆனால் ஆங்கிலப் பட்டத்தில் வெளிப்படச் சொல்லப்பெறாத 'அழகு' தமிழில் பட்டத்தின் முழுப்பொருளாகிவிடுகிறது. 'மிஸ் இந்தியா' என்னும் தொடர் அப்பெண் எதனால் தேர்ந்தெடுக்கப்பெற்றாள் என்பதைச் சொல்வதில்லை. 'இந்திய அழகி' அதனைச் சொல்லி, வேறெதற்கும் இடம் வைக்காது முடித்துவிடுகிறது.

4. தாலந்தும் கழஞ்சும்

4.1 அழகிப் போட்டிகளில் திறனுக்கு இடமே இல்லையெனல் பொருந்தாது. அமெரிக்காவில் 1921இல் தொடங்கிய 'மிஸ் அமெரிக்கா' போட்டியில் 1935இல் திறன்காட்சி சேர்க்கப்பெற்றது. 1938 முதல் அது கட்டாயமாயிற்று. 1945இல் வென்ற பெஸ் மையர்சன் பியானோவும் குழலும் இசைத்தார். 1951ஆம் ஆண்டுப் பட்டத்தைப் பெற்ற யோலாண்ட் பெட்பீஸ் ஆபரா இசைப்பாடகி. பட்டம் பெற்றபின் நீச்சலுடையில் தோன்ற மறுத்தார். நீச்சலுடை தயாரித்த ஆதரவு நிறுவனம் சினந்து விலகி, 1952இல் மிஸ் யுனிவர்ஸ் போட்டியைத் தொடங்கியது. அப்போட்டியில் திறன்காட்சி மதிப்பீட்டுக்குரிய பகுதியாக அமையவில்லை. பல்லாண்டு ஆடற்பயிற்சி பெற்ற இந்திராணி கலந்துகொண்டது, திறனை மதிப்பிடாத இப்போட்டியிலாகும்.

4.2 இங்குத் 'திறன்' என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லின் வரலாறு நோக்கத்தக்கது. 'டாலண்ட்' என்பது கிரேக்கத்தில் துலாவையும் நிறையளவையும் குறித்து, பின்னர் அந்நிறையுள்ள வெள்ளி அல்லது பொன்னைக் குறித்தது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வரும் உவமையின் வழி, ஒருவர்க்கு ஒப்படைக்கப்பெற்ற இயல்பான ஆற்றல் என்னும் பொருளை ஐரோப்பிய மொழிகளில் பெற்றது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு இச்சொல்லைத் 'தாலந்து' என ஒலிபெயர்த்தது. கிறித்தவத் தமிழில் 'தாலந்து' என்பது இன்றும் திறமையைக் குறிக்கிறது. பொதுத்தமிழ் இதனை ஏற்கவில்லை. 'திறமை', 'திறன்' என்பவற்றையே ஆள்கிறது. ஒரே சொல்லின் ஒலிபெயர்ப்பும் பொருட்பெயர்ப்பும் இருவேறு வழக்காறுகளில் நிலைபெற்றமைக்கு இது சான்று.

4.3 அழகையும் திறனையும் ஒருங்கு மதிப்பிட்டுப் பட்டம் வழங்கும் முறை தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதை மாதவியை ஆடல், பாடல், அழகு என்னும் மூன்றிலும் குறைவற்றவளாக அறிமுகம் செய்கிறது. ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் அவள் அரங்கேறுகிறாள். தலைக்கோல் என்னும் சிறப்பும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். கழஞ்சும் 'தாலந்து' போன்றே ஒரு நிறையளவை.

சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆடல் மகளிர்க்குத் 'தலைக்கோலி' என்னும் பட்டம் வழங்கிற்று. 'தலைக்கோல்' என்பதோடு 'இ' விகுதி சேர்ந்த வடிவம் இது. 'அழகி' என்பதும் அதே விகுதியால் அமைந்ததே. சொல்லாக்க முறை ஒன்று, அடிச்சொல் வேறு. முன்னது பயிற்சியால் வென்ற சிறப்பை அடியாகக் கொண்டது. பின்னது உடற்பண்பை அடியாகக் கொண்டது. பெண்ணுக்குத் திறன்வழிப் பட்டம் ஆக்குவதற்கு வேண்டிய கருவி தமிழில் இருந்தது என்பதும், சென்ற நூற்றாண்டில் அது பயன்படுத்தப்பெறவில்லை என்பதும் இவ்வொப்பீட்டால் புலனாகும்.

5. சதிர் பரதநாட்டியம் ஆனமை

5.1 இந்திராணியின் கலைக்கு 1952இல் 'பரதநாட்டியம்' என்பது பெயர். அவர் தாய் கௌரி அம்மாளிடம் பயின்ற காலத்தில் அதே கலைக்குச் 'சதிர்', 'சின்னமேளம்', 'தாசியாட்டம்' என்னும் பெயர்களே மக்கள் வழக்கில் மிகுந்திருந்தன. 'பரதம்' என்னும் சொல் தமிழில் முன்னரே உண்டெனினும், 'பரதநாட்டியம்' என்பது பொதுப்பெயராக நிலைபெற்றது 1930களிலாகும். சென்னை மியூசிக் அகாதெமியைச் சூழ்ந்து எழுந்த விவாதங்களும், இ. கிருஷ்ணய்யரின் முயற்சிகளும், 1935இல் அடையாற்றில் ருக்மிணி தேவி ஆடியதும், 1936இல் கலாக்ஷேத்திரம் தோன்றியதும் இம்மாற்றத்தின் படிகள்.

'சதிர்' என்னும் சொல்லின் தோற்றம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. பக்தி இலக்கியத்தில் 'சதிர்' திறமை, சதுரப்பாடு என்னும் பொருளில் வருகிறது. அதனோடு நடனப்பெயரை இணைப்பார் உளர். அவைக்கூடத்தைக் குறிக்கும் 'சதர்' என்னும் மராத்திச் சொல்லோடு இணைப்பாரும் உளர். அரபு மூலமுடைய இச்சொல் புனேயின் பழைய வாடாக்களில், வந்தோரை வரவேற்கும் முற்கூடத்திற்கு இன்றும் வழங்குகிறது. முன்னைய கருத்தைக் கொண்டால் 'சதிர்' திறனால் பெற்ற பெயர். பின்னையதைக் கொண்டால் அவையால் பெற்ற பெயர். எதனைக் கொண்டாலும் இழிவுக் குறிப்பு அடிச்சொல்லில் இல்லை. அது பின்னர் ஏறியது.

5.2 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டுதலைத் தடுத்ததோடு கோயிலிலும் கோயில் ஊர்வலங்களிலும் பெண்கள் ஆடுவதையும் தடை செய்தது. இச்சட்டத்திற்கு வழிகோலிய முத்துலட்சுமி ரெட்டியின் நோக்கம் சிறுமியரைக் காப்பது. அம்மரபில் வாழ்ந்து அதனை எதிர்த்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் ஒழிப்பை வலியுறுத்தினார். ஆகவே பழம்பெயர் நீங்கியதை இழப்பென்று மட்டும் கூறுதல் நடுநிலையாகாது. அப்பெயரைச் சுமந்தோரில் பலர் அதனின்றும் விடுபட விரும்பினர். அச்சமூகத்தார் தமக்கெனத் தேர்ந்த பெயர் 'இசை வேளாளர்' என்பது இங்குக் கருதத்தக்கது. பிறர் சூட்டிய பெயர் பெண்ணின் நிலையைச் சொல்லிற்று. தாமே தேர்ந்த பெயர் கலையை முதலில் வைத்தது.

ஆனால் ஒன்று மறுக்கவியலாதது. கௌரி அம்மாள் மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலில் ஆடியவர். அவர் கற்பித்த கலை உலக அவைகளை எட்டியபொழுது, அவர்க்கு உரிமையாயிருந்த ஆடற்களம் சட்டத்தால் மூடப்பெற்றிருந்தது. இந்திராணியை 'இந்திய அழகி' என்று மட்டும் குறிக்கும் வரலாற்றுக் குறிப்பு அவர் திறனை மட்டும் விடுவதன்று. அத்திறனைத் தந்த ஆசிரியர் வரிசையையும் விட்டுவிடுகிறது.

6. தஞ்சாவூரும் மராத்தி வழக்கும்

6.1 புனேயிலிருந்து இவ்வரலாற்றை நோக்குவோர்க்கு ஒரு கூடுதல் சான்று கிடைக்கிறது. சதிர் செழித்த தஞ்சை அரசவை மராட்டியர் அவை. இரண்டாம் சரபோசியின் காலத்தில் (1798–1832) சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வர் ஆடல் நிகழ்ச்சியின் வரிசைமுறையைச் செம்மைப்படுத்தினர். சரபோசியின் பெயரால் அமைந்த மராத்தி ஆடற்பாடல்களின் தொகுதிக்குக் 'கோர்வ்யாஞ்சே சாஹித்யாசே ஜின்னஸ்' என்பது தலைப்பு. அதன் முதற்சொல் தமிழ்க் 'கோர்வை'. அது மராத்தி இலக்கணப்படிப் பன்மையில் வேற்றுமை ஏற்கும் வடிவம் பெற்று, 'சே' என்னும் ஆறாம் வேற்றுமை உருபை ஏற்றுள்ளது. இரண்டாவது வடசொல், மூன்றாவது அரபு மூலமுடைய சொல். மூன்று மொழிகளின் அடிச்சொற்களும் மராத்தி உருபுகளும் கூடி ஒரு கலைச்சொற்றொடரை ஆக்கியுள்ளன. கலையின் நுட்பம் தமிழாசிரியரிடம் இருந்தமையால் கலைச்சொல் தமிழாகவே நின்றது. இலக்கணம் மட்டும் மராத்தியாயிற்று.

6.2 1880இல் தஞ்சாவூரைச் சேர்ந்த இலட்சுமிபாய் பரோடா அரசர் மூன்றாம் சயாஜிராவை மணந்து, மணப்பெண்ணின் பெயரை மாற்றும் மராட்டிய வழக்கப்படிச் 'சிம்ணாபாய்' ஆனார். அவரோடு தஞ்சை ஆடல் மகளிரும் நட்டுவனாரும் பரோடா சென்றனர். அவர்கள் வழிவந்தோர் 'தஞ்சோர்கர்' என்னும் குடிப்பெயர் பெற்றனர். ஊர்ப்பெயரோடு 'கர்' சேர்த்துக் குடிப்பெயர் ஆக்குவது மராத்தி முறை. இப்பெயரில் ஊர் உள்ளது, கலை இல்லை. பரோடாவில் தஞ்சை என்பதே ஆடலைக் குறிப்பால் உணர்த்தியமையால், கலையை வேறு சொல்ல வேண்டாதாயிற்று எனலாம்.

6.3 சரபோசியின் மராத்திப் பாடல்களை இருபதாம் நூற்றாண்டில் ஆடலமைத்து மேடையேற்றியவர் மகாராட்டிரத்துப் பரதநாட்டிய ஆசிரியர் பார்வதிகுமார். புனேயில் நிருத்யபாரதியை நிறுவிய ரோகிணி பாட்டே தொடக்கத்தில் இவரிடம் பரதநாட்டியம் பயின்றவர். பின்னர்க் கதக்கில் இலச்சு மகராஜ், மோகன்ராவ் கல்யாண்பூர்கர் ஆகியோரிடம் நெடுங்காலம் கற்றார். அவர் மொழிபெயர்ப்பாளருமாவார். இசடோரா டங்கனின் தன்வரலாற்றை மராத்தியில் தந்தார். அபிநயதர்ப்பணத்தைக் கதக் நோக்கில் விளக்கி எழுதினார். தம் தன்வரலாற்றுக்கு 'மாஜீ நிருத்யசாதனா' – என் நடனப் பயிற்சிவாழ்வு – எனப் பெயரிட்டார். தம்மை எப்பெயரால் அறியவேண்டும் என்பதைக் கலைஞரே முடிவு செய்தபொழுது, மணநிலையும் அழகும் இடம்பெறாமல் 'சாதனா' என்னும் பயிற்சிச்சொல் இடம்பெற்றது.

ராகினி தேவி 1972இல் வெளியிட்ட நூலின் தலைப்பு இந்திய நடனங்களைக் 'கிளைமொழிகள்' எனக் குறிக்கிறது. மொழியியலில் கிளைமொழி தாழ்ந்ததன்று, தனக்கென இலக்கணமுடையது. ஓர் ஆடற்கலைஞர் தம் துறையைப் பெயரிட மொழியியலின் சொல்லை நாடியமை நமக்குப் பொருள் உடையது.

7. மொழிபெயர்ப்பில் கருதத்தக்கவை

மேற்கூறியவற்றால் நடைமுறைக்குரிய சில முறைகளை வகுக்கலாம்.

(அ) 'மிஸ் இந்தியா' என்பது ஓர் அமைப்பு வழங்கிய பட்டம், ஆதலின் சிறப்புப்பெயர். வரலாற்றுக் கட்டுரையில் ஆண்டோடு சேர்த்து அதனை ஒலிபெயர்ப்பது தகும். 'செல்வி இந்தியா' என மாற்றினால் பட்டம் பெற்றோர் மணமாகாதவர் என்னும் பிழைபட்ட செய்தியும் உடன் சேரும்.

(ஆ) பொதுநடையில் 'இந்திய அழகி' என்பது விலக்கத்தக்கதன்று. ஆயினும் வாழ்க்கைக் குறிப்பில் திறனைக் காட்டும் சொல் முன் நிற்றல் வேண்டும். 'முன்னாள் இந்திய அழகி இந்திராணி ரஹ்மான் நடனமும் ஆடுவார்' என்னும் தொடரும், 'நடனக் கலைஞர் இந்திராணி ரஹ்மான் 1952இல் மிஸ் இந்தியா பட்டமும் பெற்றார்' என்னும் தொடரும் ஒரே செய்திகளைத் தருவன. எது தலைமை, எது துணை என்பதில் வேறுபடுவன. ஒட்டிடைச்சொல்லாகிய 'உம்' எங்கு நிற்கிறது என்பதே இங்கு மதிப்பீட்டைத் தீர்மானிக்கிறது.

(இ) 1930களுக்கு முற்பட்ட ஆடலைக் குறிக்கும்பொழுது மூலத்தில் 'சதிர்' என்றிருப்பின் 'சதிர்' என்றே எழுதுதல் வேண்டும். 'பரதநாட்டியம்' எனத் திருத்துவது காலமுரண். வாசகர்க்கு விளங்காதென்று கருதினால் ஒருமுறை விளக்கம் தரலாம். 'தாசியாட்டம்' போன்ற, வசையாகிவிட்ட பெயரை மட்டும் மேற்கோளாகவன்றி ஆசிரியர் கூற்றாக ஆளாமை நன்று.

(ஈ) 'மிஸ் வேர்ல்டு' (1951 முதல்), 'மிஸ் யுனிவர்ஸ்' (1952 முதல்) ஆகியன வேறு வேறு போட்டிகள். தமிழிதழ்கள் முன்னதை 'உலக அழகி' என்றும் பின்னதைப் 'பிரபஞ்ச அழகி' என்றும் பெரும்பாலும் பிரித்தெழுதுகின்றன. மராத்தி, இந்தி இதழ்களில் 'விஷ்வசுந்தரீ' என்பது இரண்டிற்கும் வழங்கக் காணலாம். அம்மொழிகளிலிருந்து தமிழாக்குவோர் நகரையும் ஆண்டையும் கொண்டு போட்டியை உறுதி செய்துகொள்ள வேண்டும். 1966இல் மருத்துவ மாணவி ரீட்டா பாரியா பெற்றது 'உலக அழகி' பட்டம். 1952இல் இந்திராணி கலந்துகொண்டது பிரபஞ்ச அழகிப் போட்டி.

(உ) மராத்தியிலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து மராத்திக்கும் பெயர்க்கும்பொழுது 'ஸ்ரீமதி' என்பதை ஒலியொப்புமை கருதி அப்படியே விடலாகாது.

8. முடிவுரை

இந்திராணி ரஹ்மான் பெற்ற சிறப்புகளுள் மூன்றை இங்குக் கண்டோம். 1952இல் பெற்ற பட்டம் ஆங்கிலத்தில் மணநிலையையும் தமிழில் அழகையும் சொல்கிறது. 1969இல் பெற்ற பத்மஸ்ரீ பால்பாகுபாடற்றது. எனினும் கலையைச் சுட்டாது. 1981இல் பெற்ற சங்கீத நாடக அகாதெமி விருது மட்டுமே அவர் துறையைப் பெயரிலேயே குறிக்கிறது. இம்மூன்றனுள் மக்கள் நினைவில் எளிதில் தங்குவது முதலாவதே.

'மிஸ்ட்ரஸ்' தேர்ச்சிப் பொருளை இழந்து 'மிஸ்' ஆயிற்று. ஒரு கருத்தின்படி திறனைக் குறித்த 'சதிர்' இழிவேறி மறைந்தது. 'தலைக்கோலி' கல்வெட்டோடு நின்றது. பெண்ணின் திறனைக் குறித்த சொற்கள் காலப்போக்கில் அவள் நிலையையோ உருவையோ குறிப்பனவாக மாறுதல் அல்லது வழக்கிழத்தல் ஒரு மொழிக்கு மட்டும் உரியதன்று என்பது இவற்றால் பெறப்படும். இம்மாற்றத்தைத் தடுக்கும் ஆற்றல் மொழிபெயர்ப்பாளர்க்கு இல்லை. ஆனால் கலைக்களஞ்சியத்திலும் அகராதியிலும் வாழ்க்கைக் குறிப்பிலும் எச்சொல்லை முதலில் வைப்பது என்பது அவர் கையில் உள்ளது. இந்திராணி ரஹ்மானின் பெயர்க்கு முன் 'நடனக் கலைஞர்' என்றும், அவர் கற்ற வரிசையில் சொக்கலிங்கம் பிள்ளை என்றும், ராகினி தேவிக்குக் கற்பித்தவர் கௌரி அம்மாள் என்றும் எழுதிய பின்னரே 1952ஆம் ஆண்டுப் பட்டத்தைக் குறித்தல் வரலாற்று முறைக்குப் பொருந்தும்.